பொந்து உள்ள புறாவுக்கே ஜோடி

போன மாதம் திவ்யா தொலைபேசியில் கூப்பிட்டாள். நான் வேலை பார்த்த நிறுவனத்தில் இப்போது பறவைகளைக் கவனித்துக்கொள்பவள் அவள். பறவைகள் என்றால் கணினி விளையாட்டுக்குள் இருக்கிற பறவைகள்.

"அங்கிள், பழைய ஃபைல்ல பதினாலாவது ரூல்னு ஒண்ணு இருக்கு. 'பொந்து இல்லாத ஆணுக்கு ஜோடி இல்லை.' இதை எடுத்துட்டா ஆட்டம் இன்னும் வேகமா ஓடுது. எடுத்துடலாமான்னு கேக்கறாங்க. இதை எதுக்கு வச்சீங்க?"

அவர்கள் இப்போது ஒரு விதியைச் சோதிக்க ஆயிரம் தீவுகளை ஒரே நேரத்தில் ஓடவிடுகிறார்கள். காபி குடித்துவிட்டு வருவதற்குள் பதில் வந்துவிடுகிறது. நான் கால் மணி நேரம் சொல்லிப் பார்த்தேன். "போன்ல புரியல அங்கிள், எழுதிக் குடுங்களேன்" என்றாள். அதனால் எழுதுகிறேன். பதினான்காவது விதியைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் பிலோமினா மேடத்தைப் பற்றிச் சொல்லாமல் முடியாது.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிறந்தது சைதாப்பேட்டை. சின்ன வயதிலேயே வீட்டு மாடியில் புறா வளர்த்தவன். ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டேன். பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. விஜயவாடா போகிற லாரியில் கிளீனராக ஏறினேன். அப்புறம் பம்பாயில் ஓட்டல், தூத்துக்குடியில் உப்பளம், நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை என்று பதினைந்து வருடம் போனது. எங்கேயும் ஒரு வருடத்துக்கு மேல் நான் தங்கியதில்லை. ஏதாவது தப்பு நடக்கும், அல்லது சண்டை வரும், அல்லது சும்மாவே சலித்துப்போகும். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். நடுவில் ஒரு மஞ்சள் காமாலை வந்தது, உப்பளத்தில் ஒரு விரல் நுனி போனது, பல நாள் சாப்பாடு இல்லை. என்னோடு இருந்த எல்லோருக்கும் அப்படித்தான் இருந்தது, எனவே அதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் சென்னைக்கே திரும்பி வந்தேன். மயிலாப்பூரில் மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் கரீம் பாய் சைக்கிள் கடை வைத்திருந்தார். கடைக்கு மேலே மொட்டை மாடியில் எண்பது பந்தயப் புறா. அவற்றைப் பார்த்துக்கொள்வதும், எதை எதோடு ஜோடி போடுவது என்று முடிவு செய்வதும் என் வேலை. மாடியிலேயே ஓர் அறை கொடுத்திருந்தார்.

கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டின் முதல் மாடி. அங்கேதான் பிலோமினா மேடம் தன் அலுவலகத்தை வைத்திருந்தார். சாந்தோம் பக்கத்துக் குடும்பம். பதினெட்டு வருடம் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்துவிட்டு, நிரந்தர வேலையை ராஜினாமா செய்துவிட்டு வந்து, நான்கு கணினிகளையும் பள்ளியிலிருந்து வாங்கிய ஒரு பழைய கரும்பலகையையும் போட்டு, வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு விளையாட்டுகள் செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். அப்போது இது எதுவும் எனக்குத் தெரியாது. தினமும் பதினொரு மணிக்கு ஓர் அம்மா டம்ளரோடு வெளியே வந்து என் புறாக்களைப் பார்த்துக்கொண்டு நிற்பார், அவ்வளவுதான்.

ஒரு நாள் சுவருக்கு மேலே எட்டிக் கேட்டார். "ஏங்க, அந்த ஜோடில அப்பா சாம்பல், அம்மா செவலை. குஞ்சுல ஒண்ணு சாம்பல், ஒண்ணு செவலை. எது எந்த நிறத்துல வரும்னு ஏதாவது கணக்கு இருக்கா?"

"இதுல கணக்கு இன்னா கீது மேடம்? செவலைக் குஞ்சு ஆணு. சாம்பல் பொட்ட."

"இப்பவே எப்படித் தெரியும்? றெக்கையே சரியா முளைக்கலையே."

"ஆத்தா செவலை, அப்பன் சாம்பல்னா அப்டித்தான் வரும். ஆணு ஆத்தா கலர்ல வரும், பொட்ட அப்பன் கலர்ல வரும். மாத்தி ஜோடி போட்டா இது செல்லாது."

"எப்பவும் அப்படியா?"

"எப்பவும்."

"எப்பவும்னா? நூத்துக்கு நூறா, நூத்துக்குத் தொண்ணூறா?"

எனக்கு எரிச்சலாகிவிட்டது. "நூத்துக்கு நூறு. வேணும்னா எழுதிக்கினு போ மேடம்" என்றேன்.

உள்ளே போய் நோட்டுப் புத்தகம் எடுத்து வந்து உண்மையாகவே எழுதிக்கொண்டார். அப்போது கூட்டில் இருந்த, இதே நிறத்தில் சேர்ந்த ஆறு ஜோடிகளின் குஞ்சுகளுக்கும் ஆணா பெண்ணா என்று என்னிடம் கேட்டுக் குறித்தார். குஞ்சுகள் வளர்ந்து, கழுத்தை உப்பிக்கொண்டு சுற்ற ஆரம்பிக்கிறவரை நான்கைந்து மாதம் காத்திருந்தார். எல்லாம் சரியாக இருந்தது. அன்று சாயங்காலமே சைக்கிள் கடைக்கு வந்து நின்றார்.

"பாய், உங்க ஆளை எனக்குக் குடுங்க."

கரீம் பாய் சிரித்தார். "அவன் நிக்க மாட்டான்மா. வருஷம் திரும்பறதுக்குள்ள ஓடிப்பூடுவான்."

"ஓடற வரைக்கும் இருக்கட்டும்" என்றார் மேடம்.

சிங்கப்பூரிலிருந்து ஒரு கம்பெனி அவருக்கு ஒரு வேலை கொடுத்திருந்தது. கணினிக்குள் ஒரு தீவு. அங்கே தந்தியோ தபாலோ கிடையாது. வியாபாரிகள் பறவைகளின் காலில் ஓலை கட்டித்தான் செய்தி அனுப்புவார்கள். ஆடுகிறவர் பாறைகளில் வாழும் காட்டுப் பறவைகளைப் பிடித்து, வளர்த்து, ஜோடி போட்டு, வேகமான பறவைகளை உண்டாக்கிச் சந்தையில் விற்க வேண்டும். விலைப் பட்டியல் என்று ஒன்று கிடையாது. அன்றைக்கு எத்தனை பறவை சந்தைக்கு வந்தது, எத்தனை பேர் வாங்க வந்தார்கள் என்பதுதான் விலை. பாறையில் பறவை குறைந்தால் சந்தை படுத்துவிடும். ஆகவே காட்டுப் பறவைகள் எப்படிப் பெருகும், எப்படிச் சாகும், அப்பா அம்மாவிடமிருந்து குஞ்சுக்கு என்ன போகும் என்று எல்லாவற்றுக்கும் விதி எழுத வேண்டும். அதுதான் என் வேலை. கணினியைத் தொடத் தெரியாது, வாயால் சொல்வேன். அதைக் கணினி மொழியில் எழுதுவது சேஷாத்ரி. இருபத்துநாலு வயது, நாலு தெரு தள்ளி வீடு, மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போய்விட்டு வருவான்.

மேடம் வேலை வாங்கின விதத்தை நான் வேறு எங்கேயும் பார்த்ததில்லை. நான் வேலை செய்த இடங்களில் முதலாளி கத்துவார், அல்லது சம்பளத்தில் பிடிப்பார். இவர் கேள்வி மட்டும் கேட்பார். விதி ஒரே வாக்கியத்தில் இருக்க வேண்டும். அதில் 'பெரும்பாலும்', 'சாதாரணமாக' என்ற வார்த்தைகள் இருந்தால் சுண்ணக்கட்டியை விரல்களுக்கு நடுவே உருட்டிக்கொண்டே, "எத்தனைல எத்தனை?" என்பார். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லலாம், அதற்கு ஒன்றும் சொல்ல மாட்டார். தெரிந்த மாதிரி பேசினால்தான் விடமாட்டார்.

அடுத்தது, கையால் ஆடிப் பார்க்காத எந்த விதியும் கணினிக்குள் போகக் கூடாது. தாயம் ஆடுவதற்கு ஒரு பக்கம் வெள்ளையாகத் தேய்ப்போமே, அந்த மாதிரி தேய்த்த புளியங்கொட்டைகள் ஒரு டப்பா நிறைய இருந்தன. மேசையில் முட்டைக்கடை அட்டைகளைப் பரப்பி, கோடு போட்ட காகிதத்தில் ஒவ்வொரு பறவைக்கும் ஒரு வரி எழுதுவோம். குஞ்சு பிறந்தால் கொட்டையை வீச வேண்டும். வெள்ளை விழுந்தால் அந்தக் குணம் அப்பாவிடமிருந்து, பழுப்பு விழுந்தால் அம்மாவிடமிருந்து. இப்படி மூன்று தலைமுறை. பார்க்கிறவர்களுக்கு வேலை வெட்டி இல்லாதவர்கள் சூதாடுவது போலத்தான் இருக்கும். தபால்காரர் ஒரு முறை, "இன்னா சார், ஆபீஸ்லயே தாயமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

கையால் ஆடி முடித்ததும், கணினியில் ஓட்டுவதற்கு முன் எல்லோரும் என்ன நடக்கும் என்று ஒரு சீட்டில் எழுதி, மடித்து, ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட வேண்டும். மேடமும் போடுவார். ஓட்டம் முடிந்ததும் பிரித்துப் படிப்போம். தப்பாகப் போன சீட்டுகள் சுவரில் குத்தப்படும். அது தண்டனை இல்லை. "சரியாப் போன சீட்டுல நமக்குக் கத்துக்க ஒண்ணும் இல்ல, தூக்கிப் போடுங்க" என்பார். சுவரில் அதிகம் இருந்தது அவருடைய சீட்டுகள்தான், ஏனென்றால் அவர்தான் துணிந்து எண்ணைப் போட்டு எழுதுவார். மற்ற நாங்கள் 'கொஞ்சம் கூடும்' என்று எழுதித் தப்பித்துக்கொள்ளப் பார்ப்போம்.

எனக்கு அந்த இடம் பிடித்துவிட்டது. அதைச் சொல்வதற்கே கூச்சமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. எட்டு மாதம் ஆன பிறகும் எங்காவது போகலாம் என்று தோன்றவில்லை.

ஒப்பந்தத்தில் ஒரு முக்கியமான சோதனை இருந்தது. ஆடுகிறவர் யாரும் இல்லாமல், தீவின் வியாபாரிகளையும் பறவைகளையும் மட்டும் வைத்துத் தீவு நூறு வருடம் ஓட வேண்டும். சிங்கப்பூர்க்காரர் நேரில் வந்து உட்கார்ந்து பார்ப்பார். பறவை இனம் அழிந்துவிட்டால் வேலை போய்விடும். மேடத்துக்குத் திரும்பிப் போகப் பள்ளி வேலை இல்லை. அலுவலகத்தில் இருந்த எங்கள் ஏழு பேருக்கும் அந்த ஒரு வேலைதான் இருந்தது.

அவர் வர இரண்டு வாரம் இருந்தபோது முதல் முறையாக நூறு வருடமும் ஓட்டினோம். அப்போதைய கணினியில் அதற்கு ஆறு மணி நேரம் ஆகும். காலையில் போட்டோம். ஐம்பத்தெட்டாவது வருடத்தில் காட்டுப் பறவைகளின் எண்ணிக்கை பூஜ்யம்.

முதலில் எல்லோரும் நோய் விதியைத்தான் சந்தேகப்பட்டோம். அது சேஷாத்ரி எழுதியது. சில வருடங்களுக்கு ஒரு முறை ஒரு நோய் வரும். ஒவ்வொரு நோயும் ஏதோ ஒரு வகை ரத்தத்தை மட்டும் தாக்கும்.

"இன்னா சேஷு, தீவுல ஒரு ஆஸ்பத்திரி கட்டி விட்டிருக்கலாம்ல?" என்று நான் கிண்டல் செய்தேன்.

"அண்ணா, நோய் வந்தா பாதி போகும். மிச்சம் பாதி இருக்கணும். எல்லாமே ஏன் போறதுன்னுதான் எனக்கும் புரியல" என்றான்.

மறுநாள் நோயின் கடுமையைப் பாதியாக்கி ஓட்டினோம். எழுபத்துநான்காவது வருடத்தில் பூஜ்யம். மூன்றாம் நாள் மறுபடி குறைத்தோம், எண்பத்தொன்றில் பூஜ்யம். சேஷாத்ரி களைத்துவிட்டான். "மேடம், இருபதுக்குக் கீழ போனா நாமளே முப்பது பறவைய உள்ள விட்டுடலாம். ஒரு வரி போதும். யாருக்கும் தெரியப் போறதில்ல."

"எங்கேர்ந்து வருது அந்த முப்பது?"

"எங்கேர்ந்தோ வரது மேடம். பக்கத்துத் தீவுலேர்ந்து."

"பக்கத்துத் தீவு இருக்கா?"

"இல்ல."

"அப்ப வராது" என்றார் மேடம். அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஐம்பதாவது வருடத்தில் உயிரோடு இருக்கிற எல்லாப் பறவைகளையும் அச்சடிக்கச் சொன்னார்.

அடுத்த நாள் காலை அச்சு இயந்திரம் ஒரு மணி நேரம் கறகறவென்று ஓடியது. ஒரு பறவைக்கு ஒரு வரி. நீளமான காகிதத்தைத் தரையில் விரித்தோம். நான் குனிந்து பார்த்தேன். முதல் வரியும் பத்தாவது வரியும் ஒன்று. நூறாவது வரியும் அதேதான். அறுநூறு பறவையும் ஒரே பறவை.

இதை நான் முன்பே பார்த்திருக்கிறேன். அது கரீம் பாயின் மாடி. பாய்க்கு ஒரு காலத்தில் ஒரு ஆண் புறா இருந்தது, போட்டியில் தோற்றதே இல்லை. அதன் பிள்ளைகளையே ஒன்றோடு ஒன்று ஜோடி போட்டு அவர் கூட்டம் முழுக்க அந்த ஒரு ரத்தமாகவே ஆகிவிட்டது. எங்கள் தீவுக்கு அதைச் செய்தது நான். என்னுடைய பதினான்காவது விதி இப்படி இருந்தது: 'பலமான ஆண் பலமான பெண்ணோடு முதலில் ஜோடி சேரும்.' அது எனக்கு மூச்சு விடுவது மாதிரி. மாடியில் பத்துத் தடவை செய்தால் பத்துத் தடவையும் அப்படித்தான் ஜோடி போடுவேன். ஆனால் போடுவது நான். பாறையில் ஜோடி போட்டுக் கொடுக்க எந்த ஆளும் இல்லை. ஒரு ஆளே இல்லாத இடத்தில் என்னை நானே உட்கார வைத்துவிட்டிருக்கிறேன். பலமானதன் குஞ்சுகள் இரையை முதலில் தின்று முடித்தன, மற்றவை செத்தன. முப்பது தலைமுறையில் எல்லாம் ஒரே ரத்தம். அந்த ரத்தத்துக்கான நோய் வந்தபோது எல்லாம் ஒன்றாகப் போயின.

இதை அந்த நிமிடமே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சேஷாத்ரி தலையில் கையை வைத்துக்கொண்டு, "நான் காப்பி பண்ற இடத்துல ஏதோ தப்பு. ஒரே பறவையத் திரும்பத் திரும்ப எழுதிண்டிருக்கு" என்று தன் வேலையை முதல் வரியிலிருந்து பிரிக்க ஆரம்பித்தான். அவனைப் பார்த்துக்கொண்டே எழுந்து வெளியே வந்தேன். மாடி அறையில் பையை எடுத்தேன். பஸ் ஏறித் திருவான்மியூர் போய், அங்கிருந்து மகாபலிபுரம் போகிற பஸ்ஸுக்கு நின்றேன். பாண்டிச்சேரியில் தெரிந்த ஓட்டல் ஒன்று இருந்தது. இரண்டு பஸ் வந்து போயின. மூன்றாவதும் வந்தது. ஏறவில்லை. ஏன் என்று கேட்டால் பெரிய காரணம் ஒன்றும் சொல்லத் தெரியாது. அவன் சாப்பிடக்கூடப் போகாமல் அங்கே உட்கார்ந்து இல்லாத தப்பைத் தேடிக்கொண்டிருப்பான் என்று தோன்றியது. திரும்பி வந்தேன்.

மூன்றரை மணி. பையோடு உள்ளே போனதை மேடம் பார்த்தார்.

"மேடம், தப்பு சேஷுவோடது இல்ல. என்னோடது. பதினாலாவது ரூல். கூண்டுல நான் செய்யறத காட்டுல எழுதி வச்சிட்டேன்."

சேஷாத்ரி நாற்காலியைத் திருப்பினான். "எப்போலேர்ந்து தெரியும்?"

"காலைலேர்ந்து."

"அடப்பாவி அண்ணா! ஆத்துல அம்மா வெண்டைக்காய் சாம்பார் பண்ணி வச்சுண்டு காத்துண்டிருக்கா. நான் பட்டினியா ஆயிரத்து இருநூறு வரியைப் பிரிச்சுண்டிருக்கேன்."

"மன்னிச்சுக்கோப்பா."

"சாம்பார் ஆறிப்போச்சு. அதுக்கு யார் மன்னிக்கறது?" என்றான். ஆனால் முகத்தில் பாரம் இறங்கியிருந்தது.

மேடம் தன் நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். நான் திட்டுக்காகக் காத்திருந்தேன். அவர் பதினான்காவது விதி உள்ள பக்கத்தைத் திருப்பி, அதைக் கையால் ஆடிய தாள்களையும் எடுத்து மேசையில் வைத்தார். மூன்று தலைமுறைத் தாள்கள். அவற்றில் எந்தக் கோளாறும் தெரியவில்லை. மூன்றாவது தலைமுறையில் பறவைகள் விதவிதமாகத்தான் இருந்தன.

"மூணு தலைமுறைல இது தெரியாது" என்றார். "மூணு போதும்னு முடிவு பண்ணது நான்." நோட்டின் முதல் பக்கத்துக்குப் போனார். அங்கே 'மூன்று தலைமுறை' என்று அவர் கையெழுத்தில் இருந்ததை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் 'பன்னிரண்டு' என்று எழுதி, பக்கத்தில் தன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டார். ஒரு மேலாளர் தன் கீழே வேலை செய்கிறவர்கள் முன்னால் தன் தப்பை இவ்வளவு சாதாரணமாகத் திருத்தியதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பிறகும் அதிகம் பார்க்கவில்லை.

"சரி, காட்டுல யாரு ஜோடி போடறா?" என்று கேட்டார்.

"தெரியாது மேடம்."

"போய்ப் பாருங்க. நாலு நாள் எடுத்துக்கோங்க."

பாறைக்கு நான் எங்கே போவது? ஆனால் கோயில் கோபுரம் இருந்தது. அதன் பொம்மைகளுக்கு நடுவே நூற்றுக்கணக்கான புறாக்கள், யாருக்கும் சொந்தமில்லாதவை. குளத்தின் மேற்குப் படியில் உட்கார்ந்தால் நன்றாகத் தெரியும். குளத்தில் அந்த வருடம் தண்ணீர் இல்லை, நடுவில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். காலை ஆறு மணிக்குப் போய் வெயில் ஏறும்வரையும், மறுபடி நான்கு மணியிலிருந்து விளக்கு வைக்கும்வரையும் உட்கார்ந்தேன். கையில் நோட்டு. வருடக்கணக்காகப் புறா வளர்த்தவன், புறா தானாக என்ன செய்கிறது என்று அதுவரை ஒரு நாள்கூட உட்கார்ந்து பார்த்ததில்லை.

முதல் நாளே ஒரு ஆண் புறா கண்ணில் பட்டது. காலில் வளையம். எங்கேயோ பந்தயத்தில் வழி தவறி வந்து சேர்ந்தது. என்ன நெஞ்சு, என்ன றெக்கை! கரீம் பாய் பார்த்தால் ஏணி போட்டு ஏறியிருப்பார். அது விளிம்பில் கழுத்தை உப்பிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தது. பெண் புறாக்கள் பார்க்கும், கொஞ்சம் கூட நடக்கும், பறந்துவிடும். அதற்குக் கூட்டிப் போக ஓர் இடம் இல்லை. நல்ல பொந்துகளில் எல்லாம் ஏற்கெனவே ஆள் இருந்தது.

இரண்டாவது நிலையில் ஒரு துவாரபாலகர் தோளுக்குப் பின்னால் ஆழமான பொந்து ஒன்று. அதில் இருந்த ஆண் புறா ஒரு நொண்டி. நூல் சுற்றி விரல் போயிருந்தது. பறக்கும்போது இடது பக்கம் இழுக்கும். என் மாடியில் அது ஒரு வாரம்கூட இருந்திருக்காது. ஆனால் அது பொந்தை விட்டு நகரவில்லை. வளையம் போட்டவன் இரண்டு முறை உள்ளே நுழையப் பார்த்தான். வாசல் குறுகலானது, உள்ளே இருக்கிறவனுக்கு மூக்கும் றெக்கையும் போதும். இரண்டு முறையும் அடி வாங்கி வெளியே வந்தான். மூன்றாம் நாள் காலை ஒரு அழகான சாம்பல் பொட்டை நொண்டியின் பொந்துக்குள் குச்சி கொண்டுபோய் வைத்தது. அதை நேரத்தோடு நோட்டில் எழுதிக்கொண்டேன்.

நான்கு நாளில் நாற்பத்தொரு பொந்து எண்ணினேன். எந்தப் பொந்தில் யார், ஜோடி உண்டா என்று குறித்தேன். பொந்து உள்ளதில் முக்கால்வாசிக்கு மேல் ஜோடி இருந்தது. பொந்து இல்லாத ஆணில் ஒன்றுக்கும் இல்லை.

தாளை மேடத்திடம் கொடுத்தேன். படித்தார். "பொந்து இல்லாததுல ஒண்ணுகூட இல்லையா?"

"நான் பாத்ததுல ஒண்ணுகூட இல்ல மேடம். பாக்காதது எனக்குத் தெரியாது."

"ம். அடுத்தது" என்றார். அவரிடம் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. அந்த 'ம்' எனக்குப் போதுமானதாக இருந்தது.

பதினான்காவது விதியை 'பொந்து இல்லாத ஆணுக்கு ஜோடி இல்லை' என்று மாற்றி எழுதி, முட்டை அட்டையின் குழிகளையே பொந்தாக வைத்துப் பன்னிரண்டு தலைமுறை கையால் ஆடினோம். முழுதாக இரண்டு நாள் ஆனது, கொட்டை வீசி வீசி விரல் நுனி எரிந்தது. பலமான பறவை இரை தேடுவதில் முன்னால் நின்றது, சரிதான். ஆனால் குழி கிடைத்த நொண்டிகளும் பிள்ளை பெற்றுக்கொண்டே வந்தன. பன்னிரண்டாவது தாளில் விதவிதமான ரத்தம் இருந்தது. திவ்யா கேட்டதற்கு இதுதான் பதில். சீட்டு எழுதிப் போட்டோம். கணினியில் நூறு வருடம் முழுதாக ஓட்டிப் பார்க்க நேரம் இல்லை. மின்வெட்டில் இரண்டு ஓட்டம் பாதியில் போனது. சிங்கப்பூர்க்காரர் வந்துவிட்டார்.

அவர் பெயர் நாதன். தமிழர், வெள்ளைச் சட்டை, வேர்த்துக் கொட்டியது. காலை ஒன்பது மணிக்கு ஓட்டத்தைப் போட்டோம். மத்தியானம் வரை எண்ணிக்கை ஏறியும் இறங்கியும் போனது. சாப்பிட்டோம். எழுபத்தொன்றாவது வருடத்தில் நோய் ஒன்று வந்தது. அதோடு சந்தையில் விலை ஏறியிருந்ததால் வியாபாரிகள் வேகமான பறவைகளை எல்லாம் பிடித்துப் போயிருந்தார்கள். திரையில் எண் விழ ஆரம்பித்தது. முந்நூறு, நூற்றுப் பத்து, நாற்பது. ஒன்பதில் வந்து நின்றது.

சேஷாத்ரியின் கை தானாக விசைப்பலகைக்குப் போனது. நிறுத்திவிட்டுப் பறவைகளை உள்ளே விடுவதற்கு அவனுக்கு அரை நிமிடம் போதும்.

"போட்டுடலாமே" என்று நாதனே சொன்னார். "நான் ஒண்ணும் பார்க்கல."

"சேஷு, கையை எடு" என்றார் மேடம். குரல் உயரவே இல்லை. "ஒன்பது இருக்கு. ஒன்பதும் என்ன பண்ணுதுன்னு பார்ப்போம்."

சேஷாத்ரி இரண்டு கைகளையும் அக்குளில் வைத்துக்கொண்டான். அந்த ஒன்பதின் விவரத்தை மேடம் திரையில் எடுத்தார். எல்லாம் வேகம் குறைந்தவை, சந்தையில் யாரும் வாங்காதவை. ஒன்பதும் ஒன்பது விதம். பாறை முழுக்கப் பொந்துகள் காலி. அடுத்த வருடம் ஒன்பது. அதற்கடுத்த வருடம் எட்டு. நாதன் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார்.  எழுபத்துநான்கில் பதினொன்று. எழுபத்தைந்தில் பத்தொன்பது. சேஷாத்ரி "பெருமாளே" என்றான். தொண்ணூறாவது வருடத்தில் இருநூறைத் தாண்டியது. நூறாவது வருடத்தில் தீவில் முந்நூற்று எழுபது பறவைகள் இருந்தன.

நாதன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "நல்லா இருக்கு. ஆனா எனக்கு ஒண்ணு எழுதித் தரணும். யார் விளையாடினாலும், எப்படி விளையாடினாலும் இந்தப் பறவை அழியாதுன்னு."

மேடம் என்னைப் பார்த்தார். "விதி அவரோடது. அவரைக் கேளுங்க."

ஆம் என்று சொன்னால் அன்றே கையெழுத்து. அது எனக்கும் தெரியும், சேஷாத்ரிக்கும் தெரியும். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எழுதித் தர முடியாது சார்" என்றேன். "பொந்தை அடைச்சா அழியும். நோய் வந்த வருஷத்துல மிச்சம் இருக்கறதையும் புடிச்சா அழியும். ஆளு விட்டு வச்சா அழியாது. அது விளையாடறவன் கையிலதான் கீது."

நாதன் என் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

"ஒம்போதாவது. முடிக்கல."

அவர் தன் ஃபைலை மூடினார். தண்ணீர் கேட்டுக் குடித்தார். திங்கட்கிழமை ஃபேக்ஸ் அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார். இடையில் இருந்த ஞாயிற்றுக்கிழமையை எப்படிக் கழித்தேன் என்று நினைவில்லை. மேடம் வழக்கம் போலக் காலைப் பூசைக்குப் போய்விட்டு வந்து நோட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்ததாகச் சேஷாத்ரி சொன்னான்.

திங்கட்கிழமை பத்தரைக்கு ஃபேக்ஸ் வந்தது. இரண்டே வரி. வேலையை ஏற்றுக்கொள்கிறோம். பாறையில் எத்தனை பொந்து காலியாக இருக்கிறது என்பதை ஆடுகிறவருக்கும் காட்டுங்கள்.

சேஷாத்ரி நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினான். மேடம் அந்தத் தாளைத் துளையிட்டுக் கோப்பில் வைத்தார். கரும்பலகையை அழித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தீவைச் சுத்திக் கடல் இருக்கு, இன்னும் ஒண்ணும் விடலை. மீனைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

"சாப்பிடத்தான் தெரியும் மேடம்."

"ரொம்ப நல்லது" என்றார். "நாளைக்குக் காலைல நொச்சிக்குப்பம் மீன்காரங்ககிட்ட போயிடுங்க."